பழைய ஃபெண்டர் கிட்டார் ஆம்ப்: எந்த வருடம், எது ஒரிஜினல்? படிப்படியான முழு வழிகாட்டி

"1965 மாடல், உள்ளே எல்லாம் ஒரிஜினல்" என்று சொல்லி ஒருவர் பழைய ஆம்ப் ஒன்றை விற்க வந்தால், நீங்கள் சரிபார்க்க வேண்டியவை இரண்டு. வருடம் சரிதானா? உள்ளே இருக்கும் பாகங்கள் தொழிற்சாலையிலேயே பொருத்தியவைதானா? புதிதாக இதில் இறங்குபவர்கள் முதல் கேள்விக்கு விடை கிடைத்ததும் நின்றுவிடுகிறார்கள். நான் பார்த்த பெரும்பாலான ஏமாற்றங்கள் இரண்டாவது கேள்வியில்தான் நடந்தன.

ஒரு பாகத்தின் மேல் இருக்கும் எண், அந்தப் பாகம் எப்போது செய்யப்பட்டது என்று மட்டும்தான் சொல்லும். இந்த ஆம்புக்குள் அது எப்போது வந்தது என்பதை சால்டரையும் (பாகங்களின் கால்களை இணைக்க உருக்கி வைக்கும் ஈயக் கலவை) ஒயரையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். கீழே உள்ள படிகள் எல்லாம் இந்த ஒன்றை மனதில் வைத்து அடுக்கியவை.

உதாரணத்துக்கு ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் ஆம்பை எடுத்துக்கொள்கிறேன். 1963 முதல் 1967 வரை கறுப்பு முகப்போடு வந்தது. இதன் முக்கியப் பாகங்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் தேதி இருக்கும் என்பதால் கற்றுக்கொள்ள நல்ல ஆம்ப். ட்வின், சூப்பர், பிரின்ஸ்டன் ஆகிய மற்ற ஃபெண்டர் மாடல்களுக்கும் இதே முறைதான். மார்ஷல், வாக்ஸ் போன்ற பிரிட்டிஷ் ஆம்புகளின் குறியீடுகள் வேறு. அவற்றை இங்கே கலக்கவில்லை.

1. தொடங்கும் முன் தேவையானவை

நல்ல டார்ச், பல் மருத்துவர் வைத்திருப்பது போன்ற சின்னக் கண்ணாடி, பூதக்கண்ணாடி, ஸ்க்ரூடிரைவர்கள், மென்மையான பிரஷ், 600 வோல்ட் வரை அளக்கும் மல்டிமீட்டர். இரு முனையிலும் உறையிட்ட கிளிப் வைத்த 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று. கழற்றும் திருகுகளைப் போட்டுவைக்கச் சின்னப் பைகள். படம் எடுக்க போன்.

ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டுக்கொள்ளுங்கள்: பாகம், அதில் உள்ள எண், அந்த எண் தரும் தேதி, சால்டரின் நிலை, முடிவு. கடைசிக் கட்டத்தை எல்லாம் முடியும் வரை காலியாகவே விடுங்கள். முடிவை முன்கூட்டியே எழுதினால், அடுத்துப் பார்க்கும் பாகத்தை அந்த முடிவுக்கு ஏற்றபடி படிக்கத் தொடங்கிவிடுவோம்.

துடைக்கும் திரவம் எதுவும் வேண்டாம். பல எண்கள் வெறும் மையில் குத்தியவை. ஸ்பிரிட் தொட்ட துணி ஒரே இழுப்பில் ஒரு டிரான்ஸ்பார்மரின் தேதியை அழித்ததைக் கண்ணெதிரே பார்த்திருக்கிறேன். பிரஷ்ஷால் தூசியைத் தட்டினால் போதும்.

ஆம்பை மின்சாரத்தில் செருகாதீர்கள். இந்த வேலைக்கு அது ஓட வேண்டியதே இல்லை. அமெரிக்காவுக்கென்று செய்த ஆம்ப் 117 வோல்ட்டுக்கானது. இந்தியாவிலோ இலங்கையிலோ நேராகச் செருகினால் பவர் டிரான்ஸ்பார்மர் எரியும். 230 வோல்ட் நாடுகளில் கிடைக்கும் பழைய ஆம்புகளில் பவர் டிரான்ஸ்பார்மர் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம் என்பதையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள்.

2. கழற்றாமல் வெளியிலிருந்து பாருங்கள்

முதலில் காலகட்டத்தைத் தோராயமாகப் பிடிக்க வேண்டும். பாகங்களில் வருடம் பெரும்பாலும் ஒற்றை இலக்கமாக இருக்கும். 5 என்று இருந்தால் அது 1955ஆ, 1965ஆ, 1975ஆ என்பதைப் பெட்டியின் தோற்றம்தான் சொல்ல வேண்டும்.

ஃபெண்டரில் இது எளிது. மஞ்சள் நிறத் துணி ஒட்டிய பெட்டிகள் 1950களைச் சேர்ந்தவை. பழுப்பு நிறம் 1960களின் தொடக்கம். கறுப்பு முகப்பு 1963 முதல் 1967 வரை. அதன் பிறகு 1981 வரை வெள்ளி நிற முகப்பு.

முகப்பில் உள்ள நிறுவனப் பெயரைப் படியுங்கள். 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அதற்கு முன் முகப்பில் "ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி" என்ற பெயர் சுருக்கமாக இருக்கும். பிறகு அது "ஃபெண்டர் மியூசிக்கல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்" ஆனது. பழைய முகப்புகள் கையிருப்பில் இருந்த வரை பயன்பட்டன. அதனால் பழைய பெயர் இருப்பதை மட்டும் வைத்து "சிபிஎஸ்ஸுக்கு முந்தையது" என்று முடிவுகட்டக் கூடாது.

முகப்புத் தகடு கழற்றி மாட்டக்கூடியது. வெள்ளி முகப்பைவிடக் கறுப்பு முகப்பு ஆம்புக்கு விலை அதிகம், புதிதாக அச்சடித்த கறுப்புத் தகடும் கடையில் கிடைக்கிறது. எனவே முகப்பு ஒரு தொடக்கம் மட்டுமே.

சேஸிஸின் (பாகங்கள் எல்லாம் பொருத்திய உலோகத் தட்டு) பின்புறத்தில் குத்தியிருக்கும் வரிசை எண்ணையும் எழுதிக்கொள்ளுங்கள். வெவ்வேறு மாடல்களுக்குத் தனித்தனி வரிசைகள் இருந்தன. டீலக்ஸ் எண்ணை ட்வின் எண்ணோடு ஒப்பிட்டு எது முந்தையது என்று சொல்ல முடியாது.

3. வால்வு அட்டையில் உள்ள இரண்டு எழுத்துகள்

பின்பலகையின் மேல்பகுதியைக் கழற்றினால், பெட்டியின் உள்பக்கத்தில் ஒட்டிய ஒரு காகிதம் தெரியும். எந்த இடத்தில் எந்த வால்வு (ஆம்புக்குள் செருகியிருக்கும் கண்ணாடிக் குழாய்) என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். அதன்மேல் ரப்பர் ஸ்டாம்பால் குத்திய இரண்டு ஆங்கில எழுத்துகளைத் தேடுங்கள்.

முதல் எழுத்து வருடம். ஏ என்றால் 1951, பி என்றால் 1952 என்று ஏறிக்கொண்டே போகும். நம் ஆம்புக்குத் தேவையானவை இவை: எம் 1963, என் 1964, ஓ 1965, பி (ஓ-வுக்கு அடுத்தது) 1966, க்யூ 1967. இரண்டாம் எழுத்து மாதம். ஏ ஜனவரி, எல் டிசம்பர். "என் சி" என்று இருந்தால் 1964 மார்ச்.

இது பாகத்தின் தேதி இல்லை, ஆம்பைக் கட்டிய காலத்தின் தேதி. அதனால்தான் இதற்கு மதிப்பு. ஆனால் அட்டை ஒட்டியிருப்பது பெட்டியில், சேஸிஸில் அல்ல. நான்கு திருகுகளைக் கழற்றினால் சேஸிஸ் வேறு பெட்டிக்குப் போய்விடும். உள்ளே இருக்கும் தேதிகள் இதனோடு ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் வரை இந்த முத்திரை பெட்டியைப் பற்றி மட்டுமே பேசுகிறது.

அட்டையில் ஏபி763 போன்ற ஒரு சுற்று எண்ணும் அச்சாகியிருக்கும். கடைசி மூன்று இலக்கங்கள் அந்தச் சுற்றை வரைந்த மாதமும் வருடமும்: 1963 ஜூலை. இதை ஆம்ப் செய்த தேதி என்று எடுத்துக்கொண்டவர்களைப் பலமுறை பார்த்திருக்கிறேன். 1966இல் கட்டிய ஆம்பிலும் ஏபி763 என்றே இருக்கும்.

4. எண்ணைப் படிக்கும் முறை

அமெரிக்கப் பாகங்களில் இருப்பது ஈஐஏ குறியீடு. மின்னணுத் தொழில் சங்கம் ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும் ஓர் எண் ஒதுக்கியது. அந்த எண் முதலில் வரும், அடுத்து வருடம், கடைசி இரண்டு இலக்கம் வாரம்.

ஃபெண்டர் ஆம்புகளில் அடிக்கடி வருபவை: 220 ஜென்சன், 465 ஆக்ஸ்ஃபோர்ட், 328 யூட்டா (மூன்றும் ஸ்பீக்கர்), 137 சிடிஎஸ் (பாட் எனப்படும் குமிழ்க் கண்ட்ரோல், ஸ்பீக்கர் இரண்டும்), 304 ஸ்டாக்போல் (பாட்), 606 ஷூமாக்கர் (டிரான்ஸ்பார்மர்), 830 டிரையட் (1950களின் டிரான்ஸ்பார்மர்). எமினன்ஸ் ஸ்பீக்கரின் எண் 67, இரண்டே இலக்கம்.

மூன்று இலக்கத் தயாரிப்பாளர் எண்ணுக்குப் பின் மூன்று இலக்கம் இருந்தால் வருடம் ஒற்றை இலக்கம். 465-432 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட், 4இல் முடியும் வருடம், 32ஆவது வாரம். நான்கு இலக்கம் இருந்தால் வருடம் இரட்டை இலக்கம். 137 6512 என்றால் சிடிஎஸ், 1965, 12ஆவது வாரம். இடையில் கோடு இருக்கலாம், இடைவெளி இருக்கலாம், எதுவும் இல்லாமலும் இருக்கலாம்.

படித்த எண் சரியா என்று சோதிக்க ஒரு வழி உண்டு. வாரம் 53-ஐத் தாண்டினால் தவறாகப் படித்திருக்கிறீர்கள், அல்லது நீங்கள் பார்ப்பது தேதியே இல்லை. தேய்ந்த மையில் 3-உம் 8-உம் ஒன்றுபோல் தெரியும். டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். இலக்கங்கள் எழும்பித் தெரியும்.

5. ஸ்பீக்கர்

சேஸிஸைத் தொடும் முன் ஸ்பீக்கரைப் பார்ப்பதற்குக் காரணம், இதற்குக் கிட்டத்தட்ட எதையும் கழற்ற வேண்டாம். பின்புறத்திலிருந்து சட்டத்தின் விளிம்பிலோ காந்தத்தின் மூடியிலோ எண் தெரியும்.

டீலக்ஸ் ரிவெர்பில் இருப்பது ஒரு 12 அங்குல, 8 ஓம் ஸ்பீக்கர். ஆக்ஸ்ஃபோர்ட் 12கே5-6 அதிகம் காணப்படும், ஜென்சன் சி12என்-உம் வரும். ஜென்சன் மாடல் எண்ணின் முதல் எழுத்து காந்தத்தைக் குறிக்கும்: பி என்றால் அல்நிகோ, சி என்றால் செராமிக். நடுவில் உள்ள எண் அங்குலம்.

தேதி சரியாக இருந்தால் வேலை பாதிதான் முடிந்தது. எண் இருப்பது இரும்புச் சட்டத்தில். கிழிந்த கூம்பை எடுத்துவிட்டுப் புதியது ஒட்டினால் எண் அப்படியேதான் இருக்கும். கூம்பின் விளிம்பை டார்ச் அடித்துப் பாருங்கள். புதுப் பசை பளபளக்கும், சட்டத்தில் பழைய பசையைச் சுரண்டிய கீறல்கள் இருக்கும். நடு மூடி மட்டும் மற்ற காகிதத்தைவிட வெளிர்நிறமாகவோ கறுப்பாகவோ இருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

அப்புறம் பலகையில் ஸ்பீக்கரைப் பிடித்திருக்கும் நட்டுகள். அறுபது வருடம் அசையாத நட்டின் அடியில் தூசி அதன் வடிவத்திலேயே படிந்து இறுகியிருக்கும். ஒருமுறை கழன்றது என்றால் அந்த வட்டம் விலகித் தெரியும். ஒயர் முனைகளில் உள்ள சால்டரையும் பாருங்கள். தொழிற்சாலையில் நேராகச் சால்டர் வைத்தார்கள். அழுத்தி மாட்டும் கிளிப் இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்கிறார்கள்.

6. தேங்கிய மின்சாரத்தை இறக்குங்கள்

இந்தப் படியை யாரும் தாண்டக் கூடாது. செருகியைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் (மின்சாரத்தைச் சேர்த்துவைத்துச் சீராக்கும் பாகங்கள்) 400 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லப் போதும். விற்பவர் இப்போதுதான் வாசித்துக் காட்டினார் என்றால் இன்னும் கவனம் தேவை.

ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால், ஸ்டாண்ட்பை சுவிட்சை வாசிக்கும் நிலையிலேயே விட்டுவிட்டு பவரை மட்டும் அணைக்கச் சொல்லுங்கள். சூடாக இருக்கும் வால்வுகளே பெரும்பகுதியை இறக்கிவிடும். ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது.

சேஸிஸ் வெளியே வந்ததும் (எடுக்கும் முறை அடுத்த படியில்), ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, ரெசிஸ்டரின் ஒரு கிளிப்பை வெறும் சேஸிஸில் மாட்டுங்கள். மற்ற முனையை 6வி6 (ஸ்பீக்கரை ஓட்டும் பவர் வால்வு) வால்வின் சாக்கெட்டில் 4ஆவது காலில் பத்து வினாடி வையுங்கள். 3ஆவது காலிலும் அப்படியே. பிறகு மல்டிமீட்டரால் இரண்டையும் அளந்து பாருங்கள். சில வோல்ட்டுக்குக் கீழே வராவிட்டால் மறுபடி செய்யுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேரடியாகச் சேஸிஸோடு சேர்த்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் சிலரிடம் உண்டு. அது கண்டென்சரையும் கெடுக்கும், கையையும் சுடும்.

7. சேஸிஸை வெளியே எடுப்பது

வரிசை முக்கியம். முதலில் வால்வுகள், ஒவ்வொன்றும் எந்தச் சாக்கெட்டிலிருந்து வந்தது என்று எழுதி. பிறகு ஸ்பீக்கர் செருகி, ரிவெர்ப் கேபிள்கள் இரண்டு. அதற்குப் பிறகுதான் பெட்டியின் மேலே உள்ள நான்கு திருகுகள். சேஸிஸ் தலைகீழாகத் தொங்குகிறது, டிரான்ஸ்பார்மர்கள் இருக்கும் பக்கம் கனம் அதிகம். கடைசித் திருகைக் கழற்றும்போது அடியில் ஒரு கை கட்டாயம் வேண்டும். வால்வுகளை எடுக்காமல் இறக்கினால் ஒன்றாவது உடையும்.

எடுத்து, மேலே சொன்னபடி மின்சாரத்தை இறக்கியதும், வேறு எதையும் தொடாமல் பத்துப் படமாவது எடுங்கள். சேஸிஸுக்குள் காகித டேப் துண்டில் ஒரு பெயர் பேனாவால் எழுதியிருக்கலாம். ஒயர் இணைத்த பெண் தொழிலாளர்கள் தங்கள் பெயரை இப்படி ஒட்டுவது ஃபெண்டரில் வழக்கம். அதை உரிக்காதீர்கள். யாரும் இதுவரை அந்த மூலையைக் கலைக்கவில்லை என்பதற்கு அது நல்ல அடையாளம், அந்தக் கைகளின் நினைவாகவும் அங்கே இருப்பதுதான் முறை.

8. டிரான்ஸ்பார்மர்கள்: நேரம் எடுத்துக்கொள்ள வேண்டிய இடம்

டீலக்ஸ் ரிவெர்பில் நான்கு இரும்புகள் உண்டு: மூன்று டிரான்ஸ்பார்மர்கள், ஒரு சோக் (மின்சாரத்தைச் சீராக்கும் சுருள்). அவற்றின் ஃபெண்டர் எண்கள்: பவர் டிரான்ஸ்பார்மர் 125பி23பி, சோக் 125சி1ஏ, அவுட்புட் 125ஏ1ஏ, ரிவெர்ப் 125ஏ20பி. இவற்றோடு 606 என்று தொடங்கும் தேதியும் மையில் குத்தியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 125 என்று தொடங்குவது எந்த மாடலுக்கான பாகம் என்று சொல்வது, அதில் தேதி இல்லை.

மாற்ற அதிகச் செலவாகும் பாகம் இது, ஒலியைப் பெரிதும் தீர்மானிப்பதும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர்தான். விலையில் பெரிய வித்தியாசம் வருவதும் இங்கேதான். அதனால் ஒவ்வொன்றுக்கும் மூன்று சோதனை செய்யுங்கள்.

முதலாவது தேதி. நான்கும் ஒன்றுக்கொன்று சில மாதங்களுக்குள் இருக்க வேண்டும். நான்கும் ஒரே வாரத்தில் இருக்க வேண்டியதில்லை. அப்படி எதிர்பார்த்து நல்ல ஆம்பைத் திருப்பி அனுப்பியவர்கள் உண்டு.

இரண்டாவது ஒயர். அவுட்புட்டிலிருந்து நீலமும் பழுப்பும் 6வி6 வால்வுகளுக்குப் போகும், சிவப்பு நடு முனை. பவர் டிரான்ஸ்பார்மரில் உயர் வோல்ட்டேஜ் சிவப்பு, ஹீட்டருக்குப் பச்சை, ரெக்டிஃபையருக்கு (ஏசி மின்சாரத்தை டிசியாக்கும் வால்வு) மஞ்சள். நிறம் பொருந்தினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஒயரையும் டிரான்ஸ்பார்மரிலிருந்து அது முடியும் இடம் வரை விரலால் பின்தொடருங்கள். நடுவில் வெட்டி ஒட்டியிருந்தால், ஒட்டிய இடத்தில் சுருக்கு டியூப் போட்டிருந்தால், அந்த டிரான்ஸ்பார்மர் ஒருமுறையாவது வெளியே வந்திருக்கிறது.

மூன்றாவது, பிடித்திருக்கும் நட்டும் அதன் கீழுள்ள உலோகமும். சாவி வழுக்கிய புதுக் கீறல், நட்டு நகர்ந்ததால் வெளிப்பட்ட பளிச்சென்ற வட்டம், பக்கத்தில் புதிதாகத் துளைத்த ஓட்டை ஆகியவற்றைத் தேடுங்கள்.

இந்த மூன்றில் முதலாவது மட்டும் தேறி மற்ற இரண்டும் தேறாத நிலைதான் மிகவும் சிக்கலானது. அதே வருடத்து உடைந்த ஆம்ப் ஒன்றிலிருந்து எடுத்த டிரான்ஸ்பார்மரை மாட்டினால் தேதி அழகாகப் பொருந்தும். என் கைக்கு வந்த ஓர் ஆம்பில் அவுட்புட்டின் தேதி மற்றவற்றுக்கு மூன்றே வாரம் தள்ளி இருந்தது. நீல ஒயரின் முனையில் மட்டும் சால்டர் வெள்ளிக்காசு போல மின்னியது, அடியில் பழைய ஒயரின் வெட்டிய இழைகள் இரண்டு இன்னும் சிக்கியிருந்தன. அது நல்ல டிரான்ஸ்பார்மர், சரியான காலத்தது, ஆனால் அந்த ஆம்போடு பிறந்தது இல்லை. நோட்டில் "காலம் பொருந்துகிறது, ஒரிஜினல் இல்லை" என்று எழுத வேண்டும். விற்பவரிடமும் அதே சொற்களில் சொல்ல வேண்டும்.

9. பாட்கள்

வால்யூம், ட்ரெபிள் போன்ற குமிழ்களுக்குப் பின்னால் இருக்கும் கண்ட்ரோல்களைத்தான் பாட் என்கிறோம். டீலக்ஸ் ரிவெர்பில் ஒன்பது. எண், உலோக உறையின் முதுகில் அழுத்திப் பொறித்திருக்கும். சில இடங்களில் ஒயர் மறைக்கும். ஒயரை வளைக்காமல் கண்ணாடியை நுழைத்துப் பாருங்கள். பழைய துணி உறை ஒயர் வளைத்த இடத்தில் பிரிந்துவிடும்.

ஒன்பதையும் படிப்பது அவசியம். ஒன்றிரண்டு மட்டும் பார்த்து நிறுத்தினால், மாற்றிய ஒன்றைத்தான் பார்த்தீர்களா என்று தெரியாது. எட்டு ஒரே காலத்திலும் ஒன்று ஆறு வருடம் தள்ளியும் இருந்தால் கதை தெளிவு.

பாட்கள் மொத்தமாக வாங்கிக் குவித்தவை என்பதை மறக்காதீர்கள். 1966ஆம் வருடத்து சிடிஎஸ் பாட்களை ஃபெண்டர் ஏராளமாக வாங்கிவைத்து, அடுத்த சில வருடங்கள் கிட்டார்களில் பயன்படுத்தியது. பாட் தேதி சொல்வது "இதற்கு முன் இந்த ஆம்ப் கட்டப்பட்டிருக்க முடியாது" என்பதை மட்டுமே. எத்தனை காலம் கழித்துக் கட்டினார்கள் என்பதை அது சொல்லாது.

10. போர்டு, கண்டென்சர், சால்டர்

உள்ளே கறுப்பு நார் அட்டையில் வரிசையாகப் பித்தளைக் கண்ணிகள் இருக்கும், செருப்பில் நாடா கோர்க்கும் கண்ணியைப் போல. ஒவ்வொரு பாகத்தின் காலும் அதற்குள் இறங்கி சால்டரால் நிரம்பியிருக்கும்.

கறுப்பு முகப்புக் காலத்து ஆம்பில் ஒலி செல்லும் பாதையில் நீல நிற உருளைக் கண்டென்சர்கள் எதிர்பார்க்கலாம். 1950களில் மஞ்சள் நிற ஆஸ்ட்ரான். வெள்ளி முகப்புக் காலத்தில் சாக்லேட் நிறத்தவை வந்தன. ஒயர் துணி உறை போட்டது. பிளாஸ்டிக் உறை ஒயர் 1960களின் கடைசியில்தான் நுழைந்தது. எனவே 1965 என்று சொல்லும் ஆம்பில் பிளாஸ்டிக் ஒயர் இருந்தால் அந்த இடத்தில் கை பட்டிருக்கிறது.

ரெசிஸ்டர்களில் தேதி இருக்காது. பழுப்பு உடலும் நான்கு நிறப் பட்டைகளும் கொண்ட கார்பன் வகை பழையது. ஐந்து பட்டை போட்ட வெளிர்நீல ரெசிஸ்டர் பின்னால் வந்தது.

இனி சால்டர். ஒரு கண்ணியைத் தேர்ந்தெடுத்து பூதக்கண்ணாடியில் நிதானமாகப் பாருங்கள். பழைய மூட்டு மங்கிய சாம்பல் நிறமாக இருக்கும். அதன் ஓரத்தில் தேன் நிறத்தில் காய்ந்த ஃபிளக்ஸ் (சால்டர் ஒட்ட உதவும் பிசின்), அதன்மேல் பக்கத்துக் கண்ணிகளில் உள்ள அதே தூசிப் படலம். திரும்பச் சூடாக்கிய மூட்டில் தூசி இருக்காது, சால்டர் மேடாகக் குவிந்திருக்கும், பக்கத்தில் நார் அட்டை லேசாகக் கருகியிருக்கும், அருகில் ஓடும் ஒயரின் துணி உறை முனையில் பழுப்பாகச் சுருங்கியிருக்கும்.

தனியாக ஒரு மூட்டைப் பார்த்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். யாரும் தொட வாய்ப்பில்லாத ஓர் இடத்தை, உதாரணமாக பைலட் விளக்கின் இணைப்பை, அளவுகோலாக வைத்துக்கொண்டு மற்றதைப் பார்ப்பது என் வழக்கம்.

ஃபில்டர் கண்டென்சர்கள் சேஸிஸின் மறுபக்கத்தில் ஒரு தகர மூடிக்குள் இருக்கும். டீலக்ஸ் ரிவெர்பில் 16 மைக்ரோஃபாரட் 450 வோல்ட், ஐந்து. இவை மாறியிருந்தால் வருந்த வேண்டாம். உள்ளே இருக்கும் திரவம் காலத்தோடு வறண்டுபோகும். மாற்றாமல் இருப்பதுதான் ஆபத்து. "ஃபில்டர் மாற்றியதால் ஒரிஜினல் போச்சு" என்று விலையைக் குறைக்கப் பார்ப்பவர் விஷயம் தெரியாதவர்.

11. வால்வுகள்

இதில் அதிக நேரம் செலவிட வேண்டாம். வால்வு தேய்ந்து மாறும் பொருள். தேதி பொருந்தினால் மகிழ்ச்சி, பொருந்தாவிட்டால் எதுவும் நிரூபணமாகாது. 188 ஜெனரல் எலக்ட்ரிக், 274 ஆர்சிஏ, 312 சில்வேனியா.

ஒன்று மட்டும் தெரிந்திருக்கட்டும். ரெக்டிஃபையர் இடத்தில் பழைய ஜிஇசட்34 இருந்தால் கண்ணாடியின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தில் இரண்டு வரிக் குறியீட்டைத் தேடுங்கள். முதல் வரி எஃப்31 போல இருக்கும். அடுத்த வரி பி4கே2 என்றால் பிரிட்டனின் முல்லார்ட் நிறுவனத்தின் பிளாக்பர்ன் ஆலை, 4இல் முடியும் வருடம், நவம்பர் மாதம், இரண்டாம் வாரம். மேலே வேறு நிறுவனத்தின் பெயர் அச்சாகியிருந்தாலும் செய்த இடம் இதுதான். இது மதிப்புள்ள வால்வு. துணியில் சுற்றித் தனியாக வையுங்கள்.

12. எல்லாவற்றையும் சேர்த்து முடிவெடுப்பது

ஓர் ஆம்பின் நோட்டுப் பக்கத்தை அப்படியே தருகிறேன். பெட்டியின் முத்திரை ஓ ஐ, அதாவது 1965 செப்டம்பர். ஸ்பீக்கர் 465-532. அவுட்புட் 606 523, சோக் 606 519, ரிவெர்ப் 606 526, பவர் 606 841. எட்டுப் பாட்கள் 137 6517 முதல் 137 6521 வரை. ஸ்பீட் பாட் மட்டும் 137 7134.

இதைப் படித்த ஒரு நண்பர், கடைசித் தேதி 1971 என்பதால் ஆம்ப் 1971 என்றார். "மிகப் பிந்தைய பாகம்தான் ஆம்பின் தேதி" என்ற விதியை அவர் எங்கோ கேட்டிருந்தார். விதி பாதி சரி. மிகப் பிந்தைய ஒரிஜினல் பாகம் என்று இருக்க வேண்டும்.

சால்டர் கட்டத்தைப் பாருங்கள். ஸ்பீட் பாட்டின் மூன்று காலிலும் பளிச்சென்ற சால்டர். பவர் டிரான்ஸ்பார்மரின் ஒயர்கள் நான்கு இடத்தில் வெட்டி ஒட்டியவை. இரண்டையும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள். மிஞ்சியவற்றில் மிகப் பிந்தையது ஸ்பீக்கர்: 1965ஆம் வருடம் 32ஆவது வாரம், அதாவது ஆகஸ்ட். பெட்டி சொல்வது செப்டம்பர். ஸ்பீக்கர் ஆலையிலிருந்து வந்து பெட்டியில் ஏறச் சில வாரம் ஆகும் என்பதால் இரண்டும் இயல்பாகப் பொருந்துகின்றன. உள்ளே இருப்பதும் வெளியே இருப்பதும் ஒத்துப்போவதால், சேஸிஸும் பெட்டியும் சேர்ந்தே பிறந்தவை என்றும் நம்பலாம். முடிவு: 1965 செப்டம்பர் வாக்கில் கட்டியது, பவர் டிரான்ஸ்பார்மரும் ஒரு பாட்டும் மாற்றியவை.

வாரத்தை மாதமாக்க 4.3-ஆல் வகுத்து, வரும் எண்ணை மேல்நோக்கி முழுமையாக்கினால் போதும் (32-க்கு 7.4 வரும், அதாவது எட்டாவது மாதம்). அதற்கு மேல் துல்லியம் தேடுவது வீண் வேலை.

13. புதியவர்கள் இன்னும் தடுக்கும் இடங்கள்

137-ஐ 1937 என்று படிப்பது. கேட்டால் சிரிப்பு வரலாம், ஆனால் இருட்டான சேஸிஸுக்குள் எண்ணைத் தேடிக் களைத்தவருக்கு இது எளிதில் நடக்கும்.

எண் இல்லாத பாகத்தைப் போலி என்று ஒதுக்குவது. மை அழிந்திருக்கலாம். அப்போது ஒயரும் நட்டும்தான் சாட்சி.

விற்பவர் அனுப்பிய படங்களை வைத்தே முடிவெடுப்பது. எண்ணின் படம் தெளிவாக இருக்கும், சால்டரின் படம் இருக்காது. வாங்கும் முன் போர்டின் முழு நீளத்தையும், ஒவ்வொரு டிரான்ஸ்பார்மரின் ஒயர் முடியும் இடத்தையும் படமாகக் கேளுங்கள். தரத் தயங்கினால், நேரில் போய்ப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

ஆர்வத்தில் சந்தேகமான மூட்டைச் சூடாக்கிப் பார்ப்பது. சூடாக்கிய அந்த நொடியே நீங்கள் தேடி வந்த சான்று போய்விடுகிறது.

14. பழுது பார்க்கும்போது எதைக் காப்பது

சோதனை முடிந்ததும் அடுத்தது பழுது. மூன்று வேலைகள் தவிர்க்க முடியாதவை. வறண்ட ஃபில்டர் கண்டென்சர்களை மாற்றுங்கள். இரண்டு முனைச் செருகியை எடுத்துவிட்டு எர்த் உள்ள மூன்று முனைச் செருகி போடுங்கள். கிரவுண்ட் சுவிட்சிலிருந்து சேஸிஸுக்குப் போகும் 0.047 மைக்ரோஃபாரட் கண்டென்சரை நீக்குங்கள். அது உள்ளே ஷார்ட் ஆனால் மின்சாரம் கிட்டார் கம்பி வழியாகக் கைக்கு வரும்.

நீலக் கண்டென்சர்களை வயதானவை என்ற காரணத்துக்காக மட்டும் மாற்றாதீர்கள். மின்கசிவு இருக்கிறதா என்று அளந்து, இருந்தால் அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆம்பை ஓட்டிப் பார்க்கும்போது ஸ்பீக்கர் இணைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டால் இத்தனை பாடுபட்டுச் சரிபார்த்த அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும்.

கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும், எரிந்ததாக இருந்தாலும், பையில் போட்டு எந்த இடத்திலிருந்து எந்தத் தேதியில் எடுத்தது என்று எழுதுங்கள். அந்தப் பையும், நோட்டுப் பக்கத்தின் நகலும் ஒரு உறையில் சேர்ந்து பெட்டியின் அடியில், ரிவெர்ப் ஸ்பிரிங் இருக்கும் பையின் பக்கத்தில் இருக்கட்டும். உறையை வால்வுகளின் சூடு படாத இடத்தில் ஒட்டுங்கள்.